ஏழு ஆவணங்கள், ஒரு மணி நேரம்: அமெரிக்க மாணவர்கள் வரலாற்றுத் தேர்வுக்குத் தயாராகும் விதம்

என் அக்கா மகள் டெக்சாஸ் மாநிலத்தில் பதினோராம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் காணொலி அழைப்பில், "சித்தி, நீங்க ஹிஸ்டரி டீச்சர்தானே, எனக்குக் கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்றாள். ஏ.பி. அமெரிக்க வரலாறு என்று ஒரு தேர்வு, மே மாதத்தில் எழுத வேண்டும் என்றாள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன். காலக்கோடு வரைந்து சுவரில் ஒட்டு. குடியரசுத் தலைவர்களை வரிசையாக மனப்பாடம் செய். அரசியலமைப்புத் திருத்தங்களை எண்ணோடு சொல்லிப் பார். அவளும் அப்படியே செய்தாள். இரண்டே மாதத்தில் வாஷிங்டன் தொடங்கி ஒருவர் விடாமல் ஒப்பித்தாள்.

அடுத்து பள்ளியில் வைத்த மாதிரித் தேர்வில், ஆவண வினாவுக்கு அவள் வாங்கியது ஏழுக்கு இரண்டு.

விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். நான் திருத்தியிருந்தால் தாராளமாக மதிப்பெண் போட்டிருப்பேன். ஆண்டுகள் சரி, பெயர்கள் சரி, கையெழுத்தும் அழகு. அவளுடைய ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தது ஒரே குறிப்புதான்: ஆவணங்களில் இருப்பதைச் சுருக்கி எழுதியிருக்கிறாய், உன் வாதம் எங்கே? அன்றிரவு அந்தத் தேர்வின் விதிமுறைகளை நானே உட்கார்ந்து படித்தேன். அதில் தெரிந்துகொண்டவற்றை நம் ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. வரலாறு கற்பிப்பவர்களுக்கு மட்டுமன்றி, நெடுவினா திருத்தும் எவருக்கும் இதில் யோசிக்க விஷயம் உண்டு.

தேர்வின் அமைப்பு

ஏ.பி. என்பது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்பதன் சுருக்கம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி முதலாண்டுத் தரத்தில் ஒரு பாடத்தைப் படித்துத் தேர்வு எழுதும் திட்டம் இது. 1950-களில் தொடங்கிய இத்திட்டத்தை காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துகிறது. மதிப்பெண் 1 முதல் 5 வரை. பல கல்லூரிகள் 3 பெற்றாலே அந்தப் பாடத்தை முடித்ததாக ஏற்றுக்கொள்கின்றன. போட்டி மிகுந்த கல்லூரிகள் 4 அல்லது 5 கேட்கின்றன. கல்லூரிக் கட்டணம் வானத்தைத் தொடும் நாட்டில், ஒரு பாடத்துக்கான கட்டணம் மிச்சமாவது பெற்றோருக்குப் பெரிய விஷயம். ஆண்டுதோறும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்க வரலாற்றுத் தாளை எழுதுகிறார்கள்.

தேர்வு நேரம் 3 மணி 15 நிமிடம். முதலில் 55 பலவுள் தெரிவு வினாக்கள், 55 நிமிடம், மொத்த மதிப்பெண்ணில் 40 விழுக்காடு. அடுத்து மூன்று குறுவினாக்கள், 40 நிமிடம், 20 விழுக்காடு. பிறகு ஆவண வினா ஒன்று, 60 நிமிடம், 25 விழுக்காடு. கடைசியாக நெடுங்கட்டுரை ஒன்று, 40 நிமிடம், 15 விழுக்காடு. மூன்று தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 2025 முதல் முழுத் தேர்வும் கணினியில்தான்.

பலவுள் தெரிவு வினா என்றதும் நமக்கு ஒரு மதிப்பெண் வினா நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. ஒரு கடிதப் பகுதியையோ கேலிச்சித்திரத்தையோ நிலப்படத்தையோ புள்ளிவிவர அட்டவணையையோ கொடுத்து, அதைச் சார்ந்து மூன்று நான்கு வினாக்கள் கேட்பார்கள். ஆண்டைக் கேட்பதற்குப் பதில், இந்தப் பகுதி எந்த மாற்றத்தின் விளைவு, இதே கருத்து பின்னாளில் எந்த இயக்கத்தில் எதிரொலித்தது என்று கேட்பார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதை 2011-லேயே நிறுத்திவிட்டார்கள். எனவே ஒரு வினாவையும் விடாமல் எழுதச் சொல்லலாம்.

1491 முதல் இன்று வரையிலான வரலாற்றை ஒன்பது காலப்பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். தொடக்கம் 1492 இல்லை, 1491. கொலம்பஸ் வருவதற்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்பதைப் பாடத்திட்டம் அந்த ஒரு எண்ணிலேயே சொல்லிவிடுகிறது. ஆனால் 1491–1607 என்ற முதல் பகுதிக்குத் தேர்வில் 4 முதல் 6 விழுக்காடு மட்டுமே. 1980-க்குப் பிந்தைய கடைசிப் பகுதிக்கும் அவ்வளவுதான். 1754 முதல் 1980 வரையிலான ஆறு பகுதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 17 விழுக்காடு. இந்தக் கணக்கு தெரியாதவர்கள் ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் குடியேற்றக் காலத்தை விரிவாக நடத்திவிட்டு, மே நெருங்கும்போது இரண்டாம் உலகப் போரை இரண்டே நாளில் முடிக்க வேண்டியதாகிவிடும். ஏப்ரலில் 'போர்ஷன் முடியலையே' என்று தவிப்பது எந்த நாட்டு ஆசிரியருக்கும் புதிதல்ல.

ஆவண வினா

இந்தத் தேர்வின் உயிர்நாடி ஆவண வினாதான். 1973 முதல் இது இருக்கிறது. ஏழு ஆவணங்கள் தருவார்கள். படித்துத் திட்டமிட 15 நிமிடம், எழுத 45 நிமிடம். 1754-க்கும் 1980-க்கும் இடைப்பட்ட ஏதாவதொரு தலைப்பில் வரும். ஏழு மதிப்பெண் எதற்கெதற்கு என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் அறிவித்துவிடுகிறார்கள். தெளிவான மையக்கூற்றுக்கு ஒன்று. வரலாற்றுப் பின்புலத்துக்கு ஒன்று. ஆவணங்களைப் பயன்படுத்துவதற்கு இரண்டு. நான்கு ஆவணங்களையாவது வாதத்துக்குச் சான்றாக்கினால்தான் இரண்டும் கிடைக்கும். ஆவணங்களில் இல்லாத, தானாக அறிந்த ஒரு சான்றுக்கு ஒன்று. இரண்டு ஆவணங்களையாவது 'யார், யாருக்கு, எதற்காக, எந்தச் சூழலில்' என்று விசாரித்தால் ஒன்று. பிரச்சினையின் சிக்கலை உணர்ந்து பல கோணங்களில் எழுதினால் ஒன்று.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். 'உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலமான 1865–1877, விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் வாழ்வை எந்த அளவுக்கு மாற்றியது?' என்பது வினா என்று வைத்துக்கொள்வோம். வினாவில் வரும் 'எந்த அளவுக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். மாற்றியதா இல்லையா என்ற கேள்வியே அல்ல. அளந்து சொல்ல வேண்டும்.

'மறுசீரமைப்புக் காலத்தில் கறுப்பின மக்களின் வாழ்வில் பல மாற்றங்கள் ஏற்பட்டன' என்று என் அக்கா மகள் தொடங்கியிருப்பாள். நானும் அப்படித்தான் தொடங்கச் சொல்லிக்கொடுத்திருப்பேன். இதற்கு மதிப்பெண் கிடையாது. இதை யாரும் மறுக்க முடியாது. மறுக்க முடியாத கூற்று வாதம் ஆகாது. இதையே இப்படி எழுதலாம்: '1865-க்கும் 1877-க்கும் இடையில் கறுப்பின மக்கள் சட்டத்தின் முன் குடிமக்களாகவும் அவர்களில் ஆண்கள் வாக்காளர்களாகவும் ஆனார்கள், ஆனால் நிலம் கைமாறாததாலும், வன்முறையை அடக்கும் உறுதி வடக்கு மாநிலங்களில் தளர்ந்ததாலும், அவர்களின் அன்றாடப் பிழைப்பு பழைய உடைமையாளர்களையே சார்ந்திருந்தது.' இதில் ஒரு நிலைப்பாடு இருக்கிறது, காரணங்கள் இருக்கின்றன. அடுத்து வரும் பத்திகள் எதைப் பற்றி இருக்க வேண்டும் என்பதையும் இந்த வாக்கியமே சொல்லிவிடுகிறது.

இனி ஆவணங்கள். 1865-இல் அடிமை முறையை ஒழித்த 13-ஆம் திருத்தம், 1868-இல் குடியுரிமை தந்த 14-ஆம் திருத்தம், 1870-இல் வாக்குரிமையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த 15-ஆம் திருத்தம் ஆகியவற்றிலிருந்து ஒரு பகுதி வரலாம். 1865-இல் மிசிசிப்பி மாநிலம் இயற்றிய கறுப்பர் சட்டங்கள் வரலாம். விடுதலை பெற்றவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஜனவரியில் வேலை இருப்பதற்கான எழுத்துச் சான்று வைத்திருக்க வேண்டும், ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டால் அதுவரை உழைத்த கூலியும் போய்விடும் என்றன அந்தச் சட்டங்கள். திருத்தத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் மாணவருக்கு, 'விடுதலை' என்ற சொல் ஒரே ஆண்டில் இரண்டு இடங்களில் இரண்டு பொருள் தந்தது புரிந்துவிடும். அதை யாரும் தனியாக நடத்த வேண்டியதில்லை.

படங்களும் ஆவணங்களே. 1874 அக்டோபரில் ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் தாமஸ் நாஸ்ட் வரைந்த ஒரு கேலிச்சித்திரம் வகுப்புகளில் அடிக்கடி பயன்படுகிறது. வெள்ளையர் லீக் என்ற அமைப்பைச் சேர்ந்தவரும் கூ கிளக்ஸ் கிளான் ஆளும் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். அவர்களின் கைகளுக்குக் கீழே, நடுவில், குழந்தையோடு ஒரு கறுப்பினத் தாயும் தந்தையும் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். 'தெற்கில் வன்முறை இருந்தது என்று இப்படம் காட்டுகிறது' என்று எழுதினால் அது வெறும் சுருக்கம். விசாரணை இப்படிப் போகும்: நாஸ்ட் குடியரசுக் கட்சியின் தீவிர ஆதரவாளர். இதழ் நியூயார்க்கிலிருந்து வருவது, படிப்பவர்களில் பெரும்பாலோர் வடக்கில் வாழ்பவர்கள். படம் வந்தது தேர்தலுக்குச் சில நாள் முன்பு. அப்படியானால் இது நடந்ததைப் பதிவு செய்வதோடு நிற்கவில்லை. களைத்துப்போன வடக்கு வாக்காளர்களின் மனச்சாட்சியைத் தட்டுகிறது. அந்தத் தேர்தலில் பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போனது என்று சேர்த்து எழுதினால், வடக்கின் உறுதி தளர்ந்தது என்ற மையக்கூற்றுக்கே சான்று கிடைத்துவிடுகிறது.

வெளிச்சான்றுக்கு இங்கே பல வாய்ப்புகள். 1870-இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவெல்ஸ் முதல் கறுப்பின செனட்டர் ஆனதைச் சொல்லலாம். 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் கடற்கரை நிலங்களைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு ஒதுக்கி உத்தரவிட்டதையும், அதே ஆண்டில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலங்களைப் பழைய உரிமையாளர்களிடமே திருப்பிக் கொடுக்கச் செய்ததையும் சொல்லலாம். மனப்பாடம் உதவும் இடம் இதுதான். என் அக்கா மகள் உருப்போட்டது முற்றிலும் வீண் போகவில்லை. அவளிடம் செங்கல் நிறைய இருந்தது. என்ன கட்டப்போகிறோம் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

குறுவினாக்களில் முதலாவது எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலும் இரண்டு வரலாற்றறிஞர்களின் முரண்பட்ட கருத்துகளைக் கொடுத்து, இருவருக்கும் உள்ள வேறுபாடு ஒன்று, முதலாமவருக்கு ஆதரவான நிகழ்வு ஒன்று, இரண்டாமவருக்கு ஆதரவான நிகழ்வு ஒன்று என்று கேட்பார்கள். மறுசீரமைப்புக் காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும் அதை ஊழலும் தவறும் நிறைந்த காலம் என்று எழுதினார்கள். அதுவே நெடுங்காலம் பாடநூலில் இருந்தது. 1935-இல் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் அந்தக் காலத்தைக் கறுப்பின மக்களின் பக்கமிருந்து மீண்டும் எழுதினார். கல்வித்துறை அறிஞர்கள் பெரும்பான்மையோர் அவர் பக்கம் வரப் பல பத்தாண்டுகள் ஆயின. பாடநூலில் அச்சாகியிருப்பதும் ஒருவர் எழுதியதுதான், அதற்கும் காலமும் கோணமும் உண்டு என்று பதினாறு வயதில் ஒரு பிள்ளைக்குத் தெரிவது சிறிய விஷயமா?

திருத்தும் முறை

ஒவ்வொரு கோடையிலும் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் ஒன்றாக இருந்து இந்தக் கட்டுரைகளைத் திருத்துகிறார்கள். முதலில் எல்லோரும் மாதிரி விடைகளைப் படித்து, எதற்கு மதிப்பெண், எதற்கு இல்லை என்று பேசி ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் வேலை தொடங்கும். நம் விடைத்தாள் திருத்தும் மையங்களுக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. ஒரு வேறுபாடு உண்டு. நம் விடைக்குறிப்பில் இருக்க வேண்டிய செய்திகள் இருக்கும்; அவர்களுடையதில் செய்ய வேண்டிய செயல்கள் இருக்கும். மறுசீரமைப்பு வெற்றி என்று வாதிட்டவருக்கும் தோல்வி என்று வாதிட்டவருக்கும் ஒரே மதிப்பெண் கிடைக்கலாம். சிறு பிழைகளுக்காகக் குறைப்பதில்லை.

பழைய வினாத்தாள்கள், மதிப்பெண் விதிகள், உண்மையான மாணவர்களின் விடைகள், அவற்றுக்கு ஏன் அந்த மதிப்பெண் என்ற விளக்கம் எல்லாவற்றையும் காலேஜ் போர்டு தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தேர்வுக்குத் தயாராக இதைவிட நல்ல நூல் எனக்குத் தெரிந்து இல்லை. நாங்கள் இருவரும் சனிக்கிழமைதோறும் ஒரு விடையை எடுத்து, மதிப்பெண்ணைப் பார்க்காமல் தனித்தனியே திருத்தி, பிறகு ஒப்பிட்டோம். முதல் நான்கு வாரமும் நான் தாராளமாகப் போட்டுத் தோற்றேன். ஐந்தாவது வாரத்தில் அவள், "சித்தி, இதுல ஆவணத்தைச் சொல்லியிருக்காங்க, ஆனா எதுக்குன்னு சொல்லலையே" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு என் உதவி அதிகம் தேவைப்படவில்லை. தேர்வில் 4 வாங்கினாள்.

குறையே இல்லாத தேர்வு என்று நான் சொல்லவில்லை. மனப்பாடத்தை உடைக்க வந்த இந்த மதிப்பெண் விதியையே மனப்பாடம் செய்யும் வழக்கம் அங்கும் வந்துவிட்டது. மையக்கூற்றை இந்த அச்சில் எழுது, ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் இந்த வாக்கியத்தைப் போடு என்று சொல்லும் கையேடுகள் கடைகளில் குவிந்திருக்கின்றன. நம் ஊர் கைடுகளுக்கு அவை சற்றும் குறைந்தவை அல்ல. ஐந்து நூற்றாண்டுகளை ஒன்பது மாதத்தில் ஓட வைப்பதால் எதிலும் நின்று நிதானிக்க முடிவதில்லை என்ற புகாரும் உண்டு. தேர்வுக் கட்டணம் சுமார் 100 டாலர். ஏழை மாணவர்களுக்குச் சலுகை இருந்தாலும், எல்லாப் பள்ளிகளிலும் இந்த வகுப்பே இருப்பதில்லை. 2023-இல் எழுதியவர்களில் 3 அல்லது அதற்கு மேல் பெற்றவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர். மதிப்பெண் வரையறுக்கும் முறை மாறியதும் 2024-இல் அது பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளைகள் ஓராண்டில் அவ்வளவு தேறிவிட்டார்களா என்று அங்கே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

எந்த வரலாறு என்ற சண்டையும் நடந்தது. 2014-இல் பாடத்திட்டம் மாற்றப்பட்டபோது, அது நாட்டின் குறைகளையே பேசுகிறது, நிறுவிய தலைவர்களை மறக்கிறது என்று குடியரசுக் கட்சியின் தேசியக் குழு தீர்மானமே போட்டது. கொலராடோ மாநிலத்தின் ஜெபர்சன் கவுண்டியில், நாட்டுப்பற்றை வளர்க்கும்படியும் ஒழுங்கு மீறலை ஊக்குவிக்காதபடியும் பாடம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு குழு வேண்டும் என்று பள்ளிக் குழு உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்தார். நூற்றுக்கணக்கான மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறிச் சாலையோரம் பதாகையோடு நின்றார்கள். தேயிலையைக் கடலில் கொட்டியதில் தொடங்கிய நாட்டின் வரலாற்றை ஒழுங்கு மீறலைச் சொல்லாமல் எப்படி நடத்துவது என்பது அவர்களின் கேள்வி. 2015 ஜூலையில் காலேஜ் போர்டு பாடத்திட்டத்தைத் திருத்தி வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பள்ளிக் குழுவின் மூன்று உறுப்பினர்களை வாக்காளர்கள் திரும்ப அழைத்தார்கள்.

நம் வகுப்பில்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் 'புரட்சிகளின் காலம்' பாடம் நடத்தும்போது, சென்ற ஆண்டு ஒரு முயற்சி செய்து பார்த்தேன். 1770 மார்ச் 5 இரவு பாஸ்டனில் ஆங்கிலேயப் படைவீரர்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அதைப் பற்றி பால் ரெவியர் வெளியிட்ட செதுக்கோவியத்தை ஹைடெக் லேபில் திரையில் போட்டேன். பாடம் எதுவும் சொல்லவில்லை. என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். வீரர்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், பின்னால் ஒருவர் வாளை உயர்த்திக் கட்டளையிடுகிறார், மக்கள் கையில் ஆயுதம் இல்லை, ஒரு நாய்க்குட்டி நிற்கிறது என்று வரிசையாகச் சொன்னார்கள். வீரர்களுக்குப் பின்னால் உள்ள கட்டடத்தில் 'கசாப்புக்காரர் கூடம்' என்ற பொருளில் பெயர்ப்பலகை இருப்பதை நான் காட்டினேன்.

பிறகு, அந்த வீரர்களின் தலைவர் கேப்டன் பிரஸ்டன் தந்த வாக்குமூலத்தின் சாரத்தை எளிய தமிழில் எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தினர் தடிகளோடு வந்து பனிக்கட்டிகளை எறிந்தார்கள், சுடும்படி நான் கட்டளையிடவில்லை என்கிறார் அவர். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. வீரர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் என்றும், பிரஸ்டனும் எட்டு வீரர்களில் ஆறு பேரும் விடுதலையானார்கள் என்றும் சொன்னபோது, முதல் படத்தை மட்டும் நம்பியவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கடைசி வரிசையில், வழக்கமாக வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து, "டீச்சர், படம் வரைஞ்சவரு அன்னைக்கு ராத்திரி அங்க இருந்தாரா?" என்று கேட்டான். ரெவியர் அந்தப் படத்தை ஹென்றி பெல்ஹாம் என்பவர் வரைந்ததைப் பார்த்து, அவரிடம் கேட்காமலேயே செதுக்கி விற்றார் என்பதைச் சொன்னேன். உடனே இன்னொரு மாணவி பாடப்புத்தகத்தைத் திறந்து, அதிலிருந்த படம் ஒவ்வொன்றுக்கும் கீழே யார் வரைந்தது, எப்போது வரைந்தது என்று போட்டிருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டாள்.

முயன்று பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஒரு பாடவேளைக்கு இரண்டு ஆவணங்கள் போதும், மூன்று வைத்தால் முடியாது. ஒன்று படமாக இருந்தால் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளும் பேசுவார்கள். எழுத்து ஆவணம் எட்டு வரிக்குள் இருக்கட்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் நோட்டில் ஒரே ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்: என்ன நடந்தது என்று நீ நினைக்கிறாய், ஏன்? அந்த 'ஏன்' இல்லாத வாக்கியங்களை மட்டும் அடுத்த நாள் திருப்பிக் கொடுங்கள்.